சோகைக்குப் பெயரிட்டோர்: தாய்சேய் நோயறிதலின் வரலாறும் வறண்ட நிலத் திருச்சபையும்

1. முன்னுரை

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் காரியாபட்டி அமைந்துள்ளது. அதற்குத் தெற்கே அருப்புக்கோட்டை, திருச்சுழி என விரியும் நிலம் வானத்தை நோக்கி வாழும் நிலம். கம்பும் சோளமும் குதிரைவாலியும் உளுந்தும் பருத்தியும் மிளகாயும் இதன் பயிர்கள். கண்மாய் நிரம்பிய ஆண்டுகளில் மட்டுமே நெல். மழை பொய்த்தால் ஆண்கள் வெளியூருக்குப் பிழைப்புத் தேடிச் செல்வர். பெண்கள் களையெடுப்பிலும் கட்டட வேலையிலும் நூற்பாலையிலும் கூலி தேடுவர். கருவுற்றிருக்கும் காலத்திலும் அவ்வேலை நிற்பதில்லை.

இத்தகைய நிலத்தில் ஊழியம் செய்யும் ஆயர் அடிக்கடி சந்திக்கும் ஒரு நிலையைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. ஆறு மாதக் கர்ப்பவதி ஒருத்தி படியேறினால் மூச்சு வாங்குகிறாள்; தலை கிறுகிறுக்கிறது; முகம் வெளுத்துக் கால் வீங்கியிருக்கிறது. யாரும் காணாதபோது அடுப்புச் சாம்பலையோ பச்சை அரிசியையோ மண்ணையோ எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள். வீட்டிலுள்ள மூத்தோர், "பிள்ளைத்தாய்ச்சி என்றால் அப்படித்தான் இருக்கும்" என்கின்றனர். ஆயரும் அவளுக்காக ஜெபித்து, பொறுமையாயிருக்கும்படி ஆறுதல் கூறி வருகிறார். அவர் செய்தது தவறென்று கூற இயலாது. ஆயினும் அவளுடைய சோர்வு இயல்பானதன்று. அதற்கு ஒரு பெயர் உண்டு. பெயர் அறியப்பட்டால் பரிகாரமும் உண்டு. இவ்வுண்மை மருத்துவ உலகிற்கே மெதுவாகத்தான் விளங்கிற்று. அது விளங்கிய வரலாற்றில் யாழ்ப்பாணம், மதுரை, சென்னை, குன்னூர், வேலூர் ஆகிய நமக்கு நெருக்கமான இடங்களுக்குப் பங்குண்டு. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, அதனால் நம் ஊழியத்திற்கு எழும் கடமையைச் சுட்டுவதே இங்கு நோக்கம்.

இரத்தம், சிறுநீர், மலம், எலும்பு மஜ்ஜை முதலியவற்றை ஆராய்ந்து உயிருடன் இருப்பவரின் நோயை அறியும் துறையை மருத்துவ நோயியல் என்பர். மற்றத் துறைகளைக் காட்டிலும் இதற்கு ஒரு தனித்தன்மை உண்டு. நோயாளி வாய்திறந்து சொல்ல அஞ்சுவதையும், சொல்லத் தெரியாததையும், அவரே அறியாததையும் இது கண்டறிகிறது. பேச இயலாத குழந்தைக்கும், பேசும் உரிமை மறுக்கப்பட்ட கர்ப்பவதிக்கும் இத்துறை பெரிதும் பயன்பட்டது இதனாலேயே.

2. மக்கள் இட்ட பெயர்கள்

நோய்களுக்குப் பெயரிடும் வழக்கம் ஆய்வுக்கூடத்தோடு தொடங்கியதன்று. உடல் வெளுத்து வலிமை குன்றும் நோயைச் சித்த மருத்துவர் பாண்டு என்று அழைத்தனர். ஊர் வழக்கில் அது சோகை. கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்ப்பதும் நாக்கையும் நகத்தையும் நோக்குவதும் நம் மருத்துவச்சிகள் அறிந்திருந்த முறைகளே. இன்றைய மருத்துவரும் அதையே முதலில் செய்கிறார்.

குழந்தை நோய்களுள் சவலை என்ற சொல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. தாய் மீண்டும் கருவுற்றதால் பால் மறக்கடிக்கப்பட்டு, போதிய உணவின்றி மெலிந்துபோகும் பிள்ளையே சவலைப் பிள்ளை. மூத்த குழந்தையின் மெலிவுக்கும் தாயின் அடுத்த கர்ப்பத்திற்கும் உள்ள தொடர்பை இந்த ஒரே சொல் தன்னுள் அடக்கியிருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட் நாட்டில், இன்றைய கானாவில், பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் உடல் வீங்கித் தோல் உரிந்து இறக்கும் குழந்தைகளைப் பற்றி 1933ஆம் ஆண்டில் எழுதினார். 1935இல் அந்நோய்க்கு அவ்வூர் மக்கள் வழங்கிய பெயரையே மருத்துவ உலகிற்கு அறிவித்தார். குவாஷியோர்க்கர் என்ற அந்தச் சொல், அடுத்த குழந்தை பிறக்கும்போது மூத்த குழந்தைக்கு வரும் நோயைக் குறிக்கும். நம் சவலையும் அவர்களுடைய குவாஷியோர்க்கரும் ஒரே உண்மையைக் கண்ட இரு மொழிகளின் சொற்கள் எனலாம். இரண்டும் மருத்துவ நோக்கில் முழுவதும் ஒன்றே என்பதன்று. எளிய தாய்மார் காரணத்தைச் சரியாகவே கண்டிருந்தனர் என்பதே இங்கு கருத்து.

ஆனால் எல்லாப் பெயர்களும் இத்தகையன அல்ல. தோஷம், கண்ணேறு, விதி போன்ற பெயர்கள் பரிகாரத்தின் கதவை அடைத்துப் பழியின் கதவைத் திறந்து விடுகின்றன. கிரகணத்தின்போது வெளியே வந்தாள், அதனால்தான் பிள்ளை ஊனமாகப் பிறந்தது என்று தாயைக் குறை கூறுவது இன்றும் கேட்கிறது. சோகை என்ற நல்ல சொல்லே, "சோகை பிடித்தவள்" எனச் சோம்பேறித்தனத்தைக் குறிக்கும் வசையாக மாறிவிட்டதை நாம் அறிவோம். ஆகவே பெயர்கள் இருவகை: நோயாளியைக் குற்றவாளியாக்கும் பெயர் ஒன்று, நோயைக் கண்டு நோயாளியை விடுவிக்கும் பெயர் மற்றொன்று. பின்வரும் வரலாறு முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மருத்துவம் நகர்ந்த வரலாறாகும்.

3. யாழ்ப்பாணமும் மதுரையும்

காரியாபட்டி வட்டாரத்தின் சீர்திருத்தத் திருச்சபைகள் அமெரிக்க மதுரை மிஷனின் ஊழியத்தில் வேர் கொண்டவை. திருமங்கலம், அருப்புக்கோட்டை, மண்டபசாலை ஆகியன அம்மிஷனின் நிலையங்களாக விளங்கின. மதுரை மிஷனோ யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனெரிகளால் 1834ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. எனவே நம் பகுதியின் மருத்துவ ஊழிய வரலாற்றை யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குவது பொருத்தமே.

1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவப் பள்ளியை நடத்தி, அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் மருத்துவர்களைப் பயிற்றுவித்தார். மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்பது அவரது உறுதியான கொள்கை. மவுன்செல் என்பவரின் ஆங்கில நூலைத் தழுவி, 'பிரசவ வைத்தியம்' என்ற பெயரில் 1857ஆம் ஆண்டில் தமிழில் நூல் வெளியிட்டார். தொடர்ந்து இரண வைத்தியம், உடற்கூறு, வேதியியல் முதலிய துறைகளிலும் அவரும் அவருடைய தமிழ் மாணவரும் நூல்களைத் தந்தனர். பிரசவத்தில் நேரும் இடர்களுக்குத் தமிழில் பெயர் இருந்தால்தான் தமிழ்த் தாய் பிழைப்பாள் என்பதை அவர் உணர்ந்திருந்தார். நோய்க்குப் பெயரிடுவது நோயாளியின் மொழியில் நடைபெற வேண்டும் என்ற இந்த உணர்வு பிற்காலத்தில் நம் மருத்துவக் கல்வியில் மங்கிவிட்டது வருந்தத்தக்கது.

மதுரையில் மருத்துவ ஊழியம் தொடக்க முதலே இருந்தபோதிலும், பெண்களை அணுகுவது ஆண் மருத்துவர்க்கு அரிதாயிருந்தது. 1885ஆம் ஆண்டில் டாக்டர் பாலின் ரூட் அம்மையாரும், 1895இல் டாக்டர் ஹாரியட் பார்க்கர் அம்மையாரும் மதுரைக்கு வந்த பின்னரே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவம் தனி ஊழியமாக வளர்ந்தது. வீடு வீடாகச் சென்று பெண்களோடு அமர்ந்து வாசித்த வேதாகம ஸ்திரீகளும் இவ்வரலாற்றில் நினைக்கப்பட வேண்டியவர்கள். மருத்துவமனையின் வாசலுக்கும் கிராமத்து அடுப்படிக்கும் இடையே நடந்தவர்கள் அவர்களே.

4. காணப்படாத பெண்கள்

இதே காலத்தில் சென்னை நகரிலும் பெண்ணை மருத்துவர் காண இயலாத நிலையே நிலவிற்று. மேரி ஷார்லீப் அம்மையார் 1875ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்ற முதல் பெண்களுள் ஒருவர். மேற்படிப்புக்குப்பின் சென்னை திரும்பிய அவருடைய முயற்சியால் 1885ஆம் ஆண்டில் கோஷாப் பெண்களுக்கும் சாதிக் கட்டுப்பாடு காரணமாக வெளியே வாராத பெண்களுக்குமென ஒரு மருத்துவமனை நிறுவப்பட்டது. 'காஸ்ட் அண்டு கோஷா' மருத்துவமனை என்று அறியப்பட்ட அதுவே இன்று திருவல்லிக்கேணியில் உள்ள அரசு கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை.

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பெண் மருத்துவர் இன்றிப் பிரசவத்தில் மாண்டதும், அதனால் ஐடா ஸ்கடர் அம்மையார் மருத்துவம் கற்க முடிவு செய்ததும் நம் வாசகர் நன்கறிந்தவை. அவர் 1902இல் வேலூரில் மருத்துவமனையையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். பெண் மருத்துவர் வந்ததால் பெண் காணப்பட்டாள். ஆயினும் காணப்பட்ட பின்னரும் அவள் ஏன் இறந்தாள் என்ற வினாவுக்கு முழு விடை கிடைக்கவில்லை. பிரசவத்தில் சிக்கல் இல்லை, காய்ச்சல் இல்லை, இரத்தப்போக்கும் மிகுதியில்லை. எனினும் சில பெண்கள் வெளுத்து, வீங்கி, இருதயம் தளர்ந்து இறந்தனர். அவ்வினாவுக்கு விடை கண்கொண்டு பார்ப்பதால் மட்டும் கிடைக்கக்கூடியதாக இல்லை.

அதற்கான கருவிகள் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தன. 1878ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கோவர்ஸ், இரத்தத்தின் செந்நிறத்தை அளந்து ஹீமோகுளோபின் அளவைக் கணக்கிடும் கருவியை வெளியிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியின் பால் எர்லிக், கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பூசிய இரத்தத்திற்குச் சாயமேற்றி அணுக்களை வேறுபடுத்திக் காணும் முறையைக் கண்டார். பின்னர் சாலி என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர், இரத்தத்தை அமிலத்துடன் கலந்து பழுப்பு நிறமாக்கி ஒப்பிடும் எளிய முறையைத் தந்தார். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல பத்தாண்டுகள் கர்ப்பவதிகளின் இரத்தத்தை அளந்தது சாலியின் குழாயே.

5. லூசி வில்ஸ் அம்மையாரின் ஆய்வு

இக்கருவிகளைக் கொண்டு இந்தியக் கர்ப்பவதியின் சோகையை ஆராய்ந்தவர் லூசி வில்ஸ். 1888இல் இங்கிலாந்தில் பிறந்த இவர், கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் கற்று, பின்னர் லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் பயின்று 1920இல் மருத்துவரானார். நோயாளிகளை நேரடியாகக் கவனிப்பதைவிட ஆய்வுக்கூடப் பணியையே தெரிந்துகொண்டார். இந்தியாவில் பெண்கள் மருத்துவப் பணியிலிருந்த டாக்டர் மார்கரெட் பால்ஃபோர் அம்மையாரின் அழைப்பின்பேரில் 1928ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்து ஹாஃப்கின் நிறுவனத்தில் பணியைத் தொடங்கினார்.

பம்பாயின் ஏழைப் பெண்களுள், குறிப்பாக நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களில், கர்ப்பகாலச் சோகை கொடியதாயிருந்தது. அவர்களுடைய இரத்தத்தை உருப்பெருக்கியில் நோக்கியபோது ஒரு விந்தை தென்பட்டது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் சிவப்பணுக்கள் சிறுத்து, வெளிறி இருக்கும். இப்பெண்களில் பலருக்கோ அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பருத்திருந்தன. மேலைநாட்டில் அறியப்பட்டிருந்த 'பெர்னீஷியஸ்' சோகையிலும் அணுக்கள் அவ்வாறே பருத்திருக்கும். ஆனால் அது பெரும்பாலும் முதியோர்க்கு வருவது, நரம்புகளையும் தாக்குவது. பம்பாயில் இளம்பெண்களே நோயுற்றனர். நரம்பு நோய் காணவில்லை. எனவே இது வேறொரு நோய் என்று அம்மையார் கருதினார்.

காரணம் தொற்றா, உணவா என்பது அடுத்த வினா. அவர் மலத்தில் நுண்கிருமிகளைத் தேடினார். அதோடு நில்லாமல் வீடுகளில் என்ன சமைக்கப்பட்டது என்பதையும் விசாரித்தறிந்தார். ஏழையர் உண்டதைப் போன்ற உணவை எலிகளுக்குக் கொடுத்துக் கருவுற்ற எலிகளின் சோகையை ஆராய்ந்தார். 1929இல் ராபர்ட் மெக்காரிசன் உணவாராய்ச்சி நடத்திவந்த குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திற்குச் சென்று பணியைத் தொடர்ந்தார். எலிகளுக்குப்பின் குரங்குகளைக் கொண்டும் சோதித்தார். 1931இன் தொடக்கத்தில் சென்னையில், முன்னர்க் குறிப்பிட்ட காஸ்ட் அண்டு கோஷா மருத்துவமனையிலேயே பணியாற்றினார். பெண்கள் காணப்பட வேண்டும் என்று ஷார்லீப் அம்மையார் அமைத்த இடத்தில், அப்பெண்களின் இரத்தத்திற்குள் மறைந்திருந்ததும் காணப்படலாயிற்று.

முடிவு எளியது. இப்பெண்களுக்கு விலை மலிந்த ஈஸ்ட் சாறாகிய 'மார்மைட்' கொடுத்தபோது இரத்தம் விரைவில் தேறிற்று. மேலைநாட்டுச் சோகையைக் குணமாக்கிய தூய்மைப்படுத்தப்பட்ட ஈரல் சாறு இவர்களுக்குப் பயன்படவில்லை. தூய்மைப்படுத்தாத ஈரல் சாறு பயன்பட்டது. ஆகவே ஈஸ்ட்டிலும் ஈரலிலும் பெயரறியாத ஒரு பொருள் இருப்பது தெளிவாயிற்று. 1931ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இச்செய்தி வெளியாயிற்று. அப்பொருள் சில காலம் 'வில்ஸ் காரணி' என்றே வழங்கிற்று. 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. 1945இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அது செயற்கையாக உருவாக்கப்பட்டது. அங்கு ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய எல்லாப்பிரகட சுப்பாராவ், பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்.

இவ்வாய்வின் பொருளை நாம் ஊன்றி நோக்க வேண்டும். ஏழைப் பெண்ணின் சோர்வு அவளுடைய இனத்தின் குறையன்று, வெப்பநாட்டின் சாபமன்று, தாய்மையின் இயல்புமன்று. அவள் தட்டில் கீரையும் பயறும் குறைந்ததே அதன் காரணம். உருப்பெருக்கியில் தெரிந்தது அணுக்களின் உருவம் மட்டுமன்று. அவள் பெற்ற கூலியின் அளவும் அங்கே தெரிந்தது.

6. வேலூர்க் குழந்தைகளும் அவர்தம் தாய்மாரும்

ஃபோலிக் அமிலத்தால் எல்லாச் சோகையும் தீர்ந்துவிடவில்லை. பருத்த அணுக்களைத் தோற்றுவிக்கும் மற்றொரு குறைபாடு வைட்டமின் பி 12 இன்மை. இவ்வைட்டமின் பால், முட்டை, மீன், இறைச்சி ஆகிய விலங்குணவுகளில் மட்டுமே இயல்பாகக் கிடைப்பது. பி 12 குறைந்தவர்க்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறியதுபோல் தோன்றும். நரம்பின் அழிவோ உள்ளே தொடரும். தவறான பெயர் எவ்வளவு கேடு விளைவிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இக்குறைபாடு கைக்குழந்தைகளில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை உலகிற்கு அறிவித்தது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகியோர் 1962ஆம் ஆண்டில் லான்செட் இதழில் ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினர். இக்குழந்தைகள் தாய்ப்பாலையே உணவாகக் கொண்டு வளர்ந்தவர்கள். முதலில் நன்றாக இருந்து, சில மாதங்களுக்குப்பின் சிரிப்பையும் விளையாட்டையும் இழந்தனர்; கற்றுக்கொண்டதை மறந்தனர்; கை கால்களின் தோல் கறுத்தது; தன்வயமற்ற அசைவுகள் தோன்றின. எலும்பு மஜ்ஜையைச் சோதித்தபோது பி 12 குறைவின் அடையாளம் இருந்தது. வைட்டமின் கொடுத்ததும் குழந்தைகள் தேறினர்.

இங்கு கருத்தூன்ற வேண்டியது ஒன்றுண்டு. நோயுற்றவர் குழந்தைகள், குறைபாட்டின் தொடக்கமோ தாயிடத்தில். தாயின் இரத்தத்திலும் பாலிலும் இல்லாததைக் குழந்தை எவ்வாறு பெறும்? தாய்மாருள் நோய் வெளிப்படையாகத் தெரியாதவரும் இருக்கக்கூடும். குழந்தையின் இரத்தமே தாயின் வறுமைக்கும் சாட்சியாக நின்றது. இத்தகைய குழந்தையைக் கண்டு, "தோஷம் பட்ட பிள்ளை" என்பதும், "தாய்ப்பால் சரியில்லை" என்று தாயை வைவதும் எளிது. இருவரையும் ஒருங்கே நோக்கி, இருவருக்கும் மருந்தும் உணவும் தருவதே சரியான நோயறிதல்.

பின்னர் 1991ஆம் ஆண்டில் ஏழு நாடுகளில் நடைபெற்ற ஓர் ஆய்வு மற்றுமொரு உண்மையைத் தெளிவாக்கிற்று. முதுகெலும்புக் கால்வாய் மூடாமல் குழந்தை பிறக்கும் குறைபாடு, முன்னரே அவ்வாறு குழந்தை பெற்ற தாய்மார் கருவுறும் முன்னரே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால் 72 விழுக்காடு தடுக்கப்படுகிறது. அக்கால்வாய் கருவுற்ற நான்கு வாரங்களுக்குள் மூடிவிட வேண்டும். அதாவது பெரும்பாலான பெண்கள் தாம் கருவுற்றிருப்பதை அறியுமுன்னரே காலம் கடந்துவிடுகிறது. கிரகணத்தின்மேல் சுமத்தப்பட்ட பழியின் ஒரு பகுதிக்கு இவ்வாறு உண்மையான விடை கிடைத்தது.

7. இன்றைய நிலை

1970ஆம் ஆண்டிலேயே இந்திய அரசு, சோகைத் தடுப்புத் திட்டத்தின்கீழ்க் கர்ப்பவதிகட்கும் குழந்தைகட்கும் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் வழங்கத் தொடங்கியது. 2018இல் தொடங்கிய திட்டத்தின்படி, கர்ப்பகாலத்தில் 180 நாள்களும் பிரசவத்திற்குப்பின் 180 நாள்களும், 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை நாள்தோறும் உட்கொள்ளப்பட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பவதியின் ஹீமோகுளோபின், இரத்தப்பிரிவு, சர்க்கரை, சிறுநீரிலுள்ள ஆல்புமின், மேகநோய், எச்.ஐ.வி. ஆகியவற்றுக்குச் சோதனை செய்யப்படுகிறது. ஹீமோகுளோபின் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 11 கிராமுக்குக் குறைந்தால் கர்ப்பவதிக்குச் சோகை உண்டென்பது உலக சுகாதார நிறுவனம் 2024 வரை கொண்டிருந்த பொது வரையறை. அண்மை ஆண்டுகளில் நியாயவிலைக் கடைகளில் வழங்கப்பட்ட செறிவூட்டப்பட்ட அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி 12 ஆகிய மூன்றும் சேர்க்கப்பட்டன. பம்பாயிலும் வேலூரிலும் கண்டறியப்பட்டவை ஒரு பிடி அரிசிக்குள் வந்து சேர்ந்தன.

இவ்வளவு இருந்தும் 2019–21இல் நடைபெற்ற தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுக் கர்ப்பவதிகளுள் 48.3 விழுக்காட்டினர்க்கும், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 57.4 விழுக்காட்டினர்க்கும் சோகை இருந்தது. காரியாபட்டி அடங்கிய விருதுநகர் மாவட்டம், 2018ஆம் ஆண்டில் நடுவணரசு சிறப்புக் கவனத்திற்கெனத் தெரிந்தெடுத்த மாவட்டங்களுள் ஒன்று. மருத்துவம் பெயரையும் பரிகாரத்தையும் கண்டுபிடித்துவிட்ட பிறகும் நோய் நீங்காதிருப்பதன் காரணம் என்ன?

காரணம் ஆய்வுக்கூடத்திற்கு வெளியே உள்ளது. மாத்திரை உட்கொண்டால் குமட்டுகிறது, மலம் கறுக்கிறது, பிள்ளை பெருத்துப் பிரசவம் கடினமாகும் என்றெல்லாம் கூறி மாத்திரை பரணில் போடப்படுகிறது. செறிவூட்டப்பட்ட அரிசி நீரில் மிதக்கக் கண்டு, அது பிளாஸ்டிக் அரிசி என்ற வதந்தி பரவிற்று. உணவுடன் அருந்தும் தேநீர் இரும்பை உடல் ஏற்பதைத் தடுப்பது பலர் அறியாத செய்தி. வெறுங்காலுடன் வயலில் நடப்போரின் குடலில் கொக்கிப்புழு சேர்ந்து இரத்தத்தை உறிஞ்சுகிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, வீட்டில் அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்பவள் தாய். சோதனைச் சீட்டில் எட்டு கிராம் என்று எழுதப்படுகிறது. அதைப் படித்துச் சொல்வாரும், அவள் தட்டில் முதலில் பரிமாறுவாரும் இல்லை.

8. திருச்சபையின் கடமை

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றனுள் ஒன்றாகப் பின்னப்பட்டுள்ளன. பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கால் வருந்தி, மருத்துவர் பலரிடம் தன் சொத்தையெல்லாம் செலவிட்ட பெண் ஒருத்தி. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி. இரத்தம் இழந்த பெண்ணும் உயிர் இழந்த பிள்ளையும் ஒரே வேளையில் இயேசுவின்முன் வருகின்றனர். மறைந்து நின்று தொட்டுச் செல்ல விரும்பிய பெண்ணை அவர் அவ்வாறே போகவிடவில்லை. தம்மைத் தொட்டவர் யாரென வினவி, அவள் தன் நிலை முழுவதையும் வெளிப்படையாகக் கூறச் செய்தார். பின்னரே சமாதானத்தோடு அனுப்பினார். சிறுமியை எழுப்பியபின் அவர் இட்ட கட்டளை, அவளுக்கு உண்ணக் கொடுக்க வேண்டும் என்பதே. மறைக்கப்பட்ட நோய் வெளிப்படுதலும், பசித்த பிள்ளைக்கு உணவளித்தலும் ஆகிய இவ்விரண்டும் இப்பகுதியில் சுகமாக்குதலின் பகுதிகளாகவே விளங்குகின்றன. நாம் முதலாவதை மருத்துவமனைக்கும் இரண்டாவதை அரசுக்கும் விட்டுவிட்டு, ஆறுதலை மட்டும் நமக்கென வைத்துக்கொள்வது இப்பகுதியைப் பாதி வாசிப்பதாகும்.

யோவான் ஒன்பதாம் அதிகாரமும் நினைவுகூரத்தக்கது. பிறவியிலேயே பார்வையற்றவனைக் கண்ட சீடர், பாவம் செய்தவர் இவனோ இவன் பெற்றோரோ என்று கேட்டனர். அவ்வினாவை இயேசு ஏற்கவில்லை. ஊனமுற்ற பிள்ளையின் தாயை நோக்கி நம் ஊர்கள் கேட்பது இதே வினா. அதற்கு மாற்றாக நாம் உரைக்க வேண்டிய விடையில் ஃபோலிக் அமிலத்தைப் பற்றிய ஒரு வாக்கியமும் அடங்கும்.

கிராமத் திருச்சபையில் ஆயர் செய்யக்கூடியவை சில உண்டு. விவாக ஆயத்த ஆலோசனை நம் கையில் உள்ள அரிய வாய்ப்பு. கருவுறும் முன்னரே இரத்தச் சோதனையும் ஃபோலிக் அமிலமும் வேண்டும் என்பதை மணமக்கள் இருவருக்கும், குறிப்பாக மாமியாருக்கும், சொல்லத்தக்க வேளை அது. கர்ப்பவதிக்காக ஜெபிக்கச் செல்லும்போது அவளுடைய சோதனைச் சீட்டைக் கேட்டுப் பார்ப்பது ஊழியத்திற்குப் புறம்பானதன்று. ஆனால் அதிலுள்ள செய்தி அவளுக்கே உரியது, ஜெபக்கூட்டத்தில் அறிவிக்கத்தக்கதன்று. எச்.ஐ.வி. போன்ற சோதனைகளில் இவ்விரகசியம் காக்கப்படாவிட்டால், நாமே அவளைப் பழிக்கும் பெயரைச் சூட்டினவராவோம். பெண்கள் ஐக்கியங்கள் முருங்கைக்கீரையையும் கம்பையும் கேழ்வரகையும் பயறையும் முட்டையையும் பற்றிப் பேசுவதோடு, தாய்க்கு முதலில் பரிமாறுக என்று ஆண்கள் கூட்டத்திலும் பேசச் செய்ய வேண்டும்.

இறையியல் மாணவர்க்கும் ஒரு பணி காத்திருக்கிறது. பழைய திருச்சபைகளின் அடக்கப் பதிவேடுகளில் மரணத்தின் காரணத்தைக் குறிக்கும் பத்தி உள்ள இடங்களில், தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் நேராக என்ன எழுதப்பட்டுள்ளது என்று வாசித்துப் பாருங்கள். பிரசவம், காய்ச்சல், பலவீனம் முதலிய சொற்களுக்குப் பின்னே எத்தனை சோகைகள் பெயரின்றிக் கிடக்கின்றன என்று ஒவ்வொரு பதிவேட்டையும் கேட்கலாம். ஞானஸ்நானப் பதிவேட்டுடன் அவற்றை ஒப்பிட்டால், பஞ்ச ஆண்டுகளில் எந்தெந்தக் குடும்பங்கள் பிள்ளைகளை இழந்தன என்பதும் விளங்கக்கூடும். மிஷனெரிகளின் வாழ்க்கை வரலாறுகள் பல எழுதப்பட்டுவிட்டன. இத்தாய்மாரின் வரலாறு இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.

லூசி வில்ஸ் அம்மையார் 1964ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் கண்டறிந்த பொருள் இன்று காரியாபட்டி வட்டாரத்து ஒவ்வொரு கர்ப்பவதிக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அது பரணில் கிடக்கிறதா, அவள் உட்கொள்கிறாளா என்று கேட்டறிவதற்கு ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. அவளுடைய வீட்டு வாசலுக்குச் செல்லும் ஒருவர் போதும்.